வக்காலத்து இல்லாமல் ஒரு வழக்கு: மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நானே வாதாடிய அனுபவம்

நான் தையல் தொழில் செய்பவள். வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின்களைப் போட்டு, ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை ஆகியவற்றைத் தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். 2022 ஜூனில் 36,500 ரூபாய் கொடுத்து வாங்கிய பவர் மெஷின் ஒன்று மூன்றாவது வாரத்திலேயே மக்கர் செய்யத் தொடங்கியது. அதை மாற்றித் தர மறுத்த கடையின் மீதும் தயாரிப்பு நிறுவனத்தின் மீதும் 2023 பிப்ரவரியில் வழக்குத் தொடுத்து, வழக்கறிஞர் வைக்காமல் நானே நடத்தி, 2024 செப்டம்பரில் பணத்தைப் பெற்றேன். இங்கே நான் மதிப்பிட விரும்புவது அந்த மெஷினை அன்று. சட்டம் படிக்காத ஒருவர் தானே போய் நின்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் அவருக்கு எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதையே எழுத நினைக்கிறேன். வழக்குப் போடலாமா வேண்டாமா என்ற தயக்கத்தில் என்னிடம் வந்து கேட்பவர்கள் பலர் இருப்பதால், கேட்டவர்களுக்குச் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

முதலில் ஒரு தெளிவு. எந்த உரிமையியல் நீதிமன்றத்திலும் ஒருவர் தன் வழக்கைத் தானே நடத்தச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அங்கே வழக்குச் சொத்தின் மதிப்புக்கேற்ற நீதிமன்றக் கட்டணம், சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை என்று ஒவ்வொரு படியும் பழக்கமில்லாதவரைத் தடுக்கும். நுகர்வோர் ஆணையம் அப்படி அமைக்கப்படவில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்து, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. விலை 50 லட்சம் ரூபாய் வரை இருக்கும் வழக்குகளை மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம். வாக்குமூலமும் ஆவணங்களுமே விசாரணைக்கு அடிப்படை. இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. பழைய சட்டத்தில், எதிர்தரப்பினர் இருக்கும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட வேண்டும். புதிய சட்டமோ, நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போட வழி செய்திருக்கிறது. நான் மெஷின் வாங்கிய கடை இரண்டு மாவட்டம் தள்ளி இருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் அங்கே போக வேண்டியிருந்தால், இரண்டாவது வாய்தாவோடு வழக்கைக் கைவிட்டிருப்பேன்.

மெஷினின் கோளாறு இதுதான். இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்டினால் செர்வோ மோட்டாரின் கண்ட்ரோல் பாக்ஸில் ஒரு பிழை எண் மின்னும், மெஷின் நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் ஓடும். ஓடும்போதும் இடையிடையே தையல் விட்டுப் போகும். பள்ளி திறக்கும் மாதத்தில் ஐம்பது ஜோடிச் சீருடையை ஒப்புக்கொண்டு, இப்படி நின்று நின்று ஓடும் மெஷினோடு போராடியதில் எனக்கு இரண்டு பழைய வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். கடையின் மெக்கானிக் நான்கு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் சர்வீஸ் ஷீட் எழுதி, என்னிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு, ஒரு நகலைக் கிழித்துக் கொடுத்தார். ஐந்தாவது முறை கூப்பிட்டபோது, உங்கள் வீட்டு மின்னழுத்தம் சரியில்லை, அதற்கு வாரண்டி பொருந்தாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். 2016 முதல் அதே இணைப்பில், அதே பிளக்கில் ஓடும் என் பழைய மெஷினுக்கு ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ முதலில் அழைத்தேன். அழைப்புக் கட்டணம் இல்லை, தமிழில் பேச ஆள் கிடைத்தார், புகார் எண்ணும் வந்தது. அந்தப் புகாருக்கு நிறுவனம் அனுப்பிய பதிலில், பழுது வாடிக்கையாளரின் பயன்பாட்டால் நேர்ந்தது என்று ஒரே வரி இருந்தது. உதவி எண்ணுக்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை என்பதால், அதனால் பயனில்லை என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நிறுவனம் எழுத்தில் தந்த அந்த ஒரு வரி, பிறகு என் வழக்கில் ஓர் ஆவணமாயிற்று. மறுப்பு எந்தத் தேதியில் வந்தது என்பதை அது உறுதிசெய்தது. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும் என்பது சட்டம் ஆதலால், அந்தத் தேதி முக்கியமானது.

அதன்பின் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். அவர் நேர்மையாகவே பேசினார். கட்டணம் 12,000 ரூபாய், செலவுகள் தனி, ஒரு வருடமாவது ஆகும் என்றார். 36,500 ரூபாய் மெஷினுக்கு 12,000 கொடுப்பதா என்று யோசித்தபடி படியிறங்கி வந்தவள், நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள சட்டப் புத்தகக் கடையில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் சிறு பதிப்பை வாங்கினேன். ஆங்கிலத்தில்தான் கிடைத்தது. பி.காம். படித்ததில் மிச்சமிருந்த ஆங்கிலத்தைக் கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று, அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். தானே வழக்காட நினைப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். சட்டம் முழுவதும் வேண்டியதில்லை. நுகர்வோர் யார், சேவைக் குறைபாடு என்பது என்ன என்று சொல்லும் 2ஆம் பிரிவும், மனு, விசாரணை, ஆணை ஆகியவற்றைச் சொல்லும் 34 முதல் 41 வரையிலான பிரிவுகளும், ஆணையை நிறைவேற்றுவது பற்றிய 71, 72ஆம் பிரிவுகளும் போதும்.

மனுவை நான் தமிழில் எழுதினேன், ஏற்றுக்கொண்டார்கள். அப்போது இருந்த இணையவழித் தளம் இ-தாக்கில். 2025 முதல் இ-ஜாக்ருதி என்னும் புதிய தளம் வந்துவிட்டதால், நான் பார்த்த திரைகளை நீங்கள் பார்க்க மாட்டீர்கள், ஆகவே அதைப் பற்றி நீட்டி எழுதிப் பயனில்லை. கைப்பேசியில் எடுத்த புகைப்படங்களைக் கோப்பாக மாற்றி ஏற்றுவது எனக்குச் சிரமமாக இருந்தது, பக்கத்து இணைய மையத்தில் முடித்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இணையத்தில் ஏற்றியபின்னும் தாள் நகல்களைக் கேட்டார்கள்: ஆணையத்துக்கு மூன்று கட்டு, எதிர்தரப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டு.

என் மனு ஒருமுறை திருப்பப்பட்டது. எல்லாப் பக்கத்திலும் கையொப்பம் இல்லை, ஆவணங்களுக்கு வரிசைப் பட்டியல் இல்லை, வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப் பிரதிக்குச் சான்று இல்லை என்று மூன்று குறைகளைக் குறித்திருந்தார்கள். இவை சரியான குறைகளே. ஆனால் ஒவ்வொரு குறையையும் எப்படித் தீர்ப்பது என்று சொல்ல அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. வக்கீலைக் கேளுங்கள் என்று ஓர் ஊழியர் சொன்னார். வழக்கறிஞர் இல்லாமல் வரலாம் என்று சட்டம் திறந்துவைத்த இடத்தில், வழக்கறிஞரைக் கேட்டு வரச் சொல்வதுதான் இந்தச் சேவையில் நான் கண்ட முதல் பெரும் குறை. மனுவின் மாதிரிப் படிவம் ஒன்றும், எவ்வெவற்றை இணைக்க வேண்டும் என்ற பட்டியல் ஒன்றும் தமிழில் அச்சிட்டு அந்தச் சுவரில் ஒட்டியிருந்தால், எனக்கு இரண்டு நடையும் ஐந்து வாரமும் மிச்சமாகியிருக்கும். மின்னணு ஆவணத்துக்கான சான்று என்பது, இந்தக் கைப்பேசி என்னுடையது, இந்த உரையாடலை நானே இதிலிருந்து அச்சிட்டேன், இதில் எதையும் மாற்றவில்லை என்று உறுதியளிக்கும் ஒரு பக்கம்தான். அன்று அது சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவின் கீழ் வந்தது. 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின் கீழ் வருகிறது.

ஆணையம் கூடும் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோரைத் தடுப்பது பணமல்ல, பயம். நீதிமன்றம் என்றதும் உயரமான மேடையும் கூண்டும் நம் மனத்தில் வருகின்றன. நுகர்வோர் ஆணையங்களுக்கான ஒழுங்குமுறை விதிகளோ, அந்த அறை நீதிமன்றத்திலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்றும், மேடை 30 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்றும், தலைவரும் உறுப்பினர்களும் ஒரே வகை நாற்காலிகளில் ஒரே மட்டத்தில் அமர வேண்டும் என்றும் சொல்கின்றன. எங்கள் மாவட்டத்தில் அது அப்படியே இருந்தது. என் வீட்டு வாசற்படி உயரத்துக்கு ஒரு மேடை, அதன் மேல் மூன்று நாற்காலிகள், கூண்டு இல்லை. என் வழக்கு எண்ணை உதவியாளர் கூப்பிட்டதும், கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். "வக்கீல் யாரும்மா?" என்று தலைவர் கேட்டார். "நானே பேசுகிறேன் ஐயா" என்றேன். "சரிம்மா, நிதானமாப் பேசுங்க, அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு, குறிப்பில் புகார்தாரர் நேரில் என்று எழுதினார். அந்த அறைக்குள் கழித்த பதினேழு நாட்களிலும் என்னை ஒருவரும் இழிவாக நடத்தவில்லை. என் சொல்லுக்கும் கோட்டுப் போட்டவர் சொல்லுக்கும் ஒரே காது கொடுத்தார்கள். இந்தச் சேவையின் ஆகச் சிறந்த பகுதி இதுவே என்று தயங்காமல் சொல்வேன்.

சட்டத்தைப் படித்திருந்தது முதன்முதலாகக் கைகொடுத்தது, எதிர்தரப்பினரின் பதிலுரை வந்த சமயத்தில். கடைக்காரர் உரிய காலத்தில் பதிலுரை போட்டுவிட்டார். தயாரிப்பு நிறுவனம் போடவில்லை. மனு நகலோடு அறிவிப்பைப் பெற்ற நாளிலிருந்து 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்பது சட்டம். இந்த 45 நாள் வரம்பை ஆணையங்களால் தளர்த்த முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச் 4 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. நிறுவனத்தின் வழக்கறிஞர் 2023 ஜூலை 21 அன்று பதிலுரையை நீட்டினார். நான் அஞ்சல் துறைத் தளத்தில் எடுத்து வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். அறிவிப்பு மே 9 அன்று ஒப்படைக்கப்பட்டதாக அதில் இருந்தது. எழுபத்து மூன்று நாள். உறுப்பினர் அம்மையார் அந்தத் தாளில் விரலால் தேதிகளை எண்ணிப் பார்த்தார். பதிலுரை ஏற்கப்படவில்லை. நிறுவனத்தின் வழக்கறிஞர் கடைசி வாதத்தில் சட்டம் பற்றிப் பேசினார், ஆனால் நிறுவனம் தன் தரப்பில் நிகழ்வுகளைச் சொல்ல ஓர் எழுத்தும் கோப்பில் இல்லாமல் போனது. அறிவிப்பு எந்தத் தேதியில் சேர்ந்தது என்ற ஆதாரத்தை எடுத்து வைக்கும்படி என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

வழக்கின் உயிர்நாடி வேறிடத்தில் இருந்தது. கடைக்காரரின் வழக்கறிஞர் மெஷின் பழுதைப் பற்றி அதிகம் பேசவில்லை. புகார்தாரர் தையல் கடை நடத்துகிறார், மெஷினை வணிக நோக்கத்துக்காக வாங்கியிருக்கிறார், ஆகவே அவர் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே அல்ல, மனு நிலைக்கத்தக்கதல்ல என்று பதிலுரையின் முதல் பத்தியிலேயே எழுதியிருந்தார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. காசு வாங்கித்தானே தைக்கிறேன், அவர் சொல்வது சரிதானோ என்று நினைத்தேன். மறுநாள் 2ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவை மீண்டும் படித்தபோது, அதன் அடியில் இருந்த விளக்கம் கண்ணில் பட்டது. சுயதொழிலால் தன் பிழைப்பை நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் பொருளை வாங்கித் தானே பயன்படுத்தினால், அது வணிக நோக்கம் ஆகாது.

இந்தியன் கானூன் தளத்தில் தேடி, இதே பொருளில் 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அளித்த லட்சுமி எஞ்சினியரிங் வழக்கின் தீர்ப்பை எடுத்தேன். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் பல லட்சம் ரூபாய்க்கு எந்திரம் வாங்கிய ஒரு தொழிற்கூடம் தொடுத்த வழக்கு அது. அந்த வழக்கில் வாங்கியவர் தோற்றார், அவர் நுகர்வோர் அல்ல என்றே தீர்ப்பு. எதிர்தரப்பு வழக்கறிஞரும் அதையே எனக்கெதிராகக் காட்டினார். ஆனால் அதே தீர்ப்பில், ஒருவர் தட்டச்சுப் பொறி வாங்கித் தானே உட்கார்ந்து பிறருக்குத் தட்டச்சு செய்து கொடுத்துச் சம்பாதித்தால் அவர் நுகர்வோரே என்று உதாரணம் தந்து விளக்கியிருக்கிறார்கள். அந்தப் பத்தியில் தட்டச்சுப் பொறி இருந்த இடத்தில் தையல் மெஷினை வைத்துப் பார்த்தேன். அது என் கதை.

என் முறை வந்தபோது அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினேன். என்னிடம் வேலைக்கு ஆள் இல்லை, ஜி.எஸ்.டி. பதிவு இல்லை, கடைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை, காலையில் சமையலை முடித்துவிட்டு அந்த மெஷினில் உட்காருபவள் நான் ஒருத்திதான் என்று சொன்னேன். "உங்களிடம் இரண்டு மெஷின் இருக்கிறதே, இரண்டையும் நீங்களே எப்படி ஓட்டுவீர்கள்?" என்று வழக்கறிஞர் கேட்டார். பழையது ஓவர்லாக் அடிக்க, புதியது தைக்க, ஒரே துணி இரண்டிலும் போக வேண்டும் சார், ஒரே நேரத்தில் இரண்டும் ஓடாது என்றேன். உறுப்பினர் அம்மையார் தலையசைத்தார். தையல் தெரிந்தவருக்கு அது விளக்கம் தேவையில்லாத பதில். நல்ல வழக்கறிஞர் ஒருவர் எனக்காகப் பேசியிருந்தால் சட்டத்தை என்னைவிடச் சிறப்பாகச் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னைத் திரும்பிப் பார்த்து, கேட்டுத்தான் சொல்லியிருப்பார். நிகழ்வுகளெல்லாம் நம் கையில் இருக்கும் சிறு வழக்குகளில் நாமே நிற்பதன் பலம் இதுதான்.

மின்னழுத்தத்தால் பழுது என்ற வாதத்தை முறித்தது அந்த மெக்கானிக் எழுதிய சர்வீஸ் ஷீட். மூன்றாவது ஷீட்டில், நீல மையில், கண்ட்ரோல் பாக்ஸ் டிஃபெக்ட், மாற்ற வேண்டும் என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். ஓரத்தில் மெஷின் எண்ணெய் பட்டு அந்த இடம் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. அசல் எங்கே என்று கேட்டார்கள், கொடுத்தேன். தலைவர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, எண்ணெய்க் கறைக்கு அடியில் இருந்த தேதியைப் படித்தார். அந்தத் தாளை எண்ணெய்த் துணியோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில சமயம் நினைத்துப் பார்க்கிறேன். பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பாமல் பழுதைத் தீர்மானிக்க முடியாத வழக்குகளில் பொருளை ஆய்வுக்கு அனுப்பச் சட்டத்தில் வழி உண்டு, அதற்கான கட்டணத்தை முதலில் புகார்தாரர்தான் கட்ட வேண்டும். எதிர்தரப்பின் ஆளே பழுதை எழுதித் தந்திருந்ததால் எனக்கு அந்தச் செலவு நேரவில்லை.

வாய்மொழிக் குறுக்கு விசாரணை என் வழக்கில் இல்லை. அதற்குப் பதிலாகக் கடைக்காரர் தரப்பு பதினொரு கேள்விகளை எழுதிக் கொடுத்தது, நான் பிரமாண வாக்குமூலமாகப் பதில் எழுதிக் கொடுத்தேன். பேச வராதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆணையத்தில் பேச்சைவிடத் தாள்தான் பேசுகிறது. சமரசத்துக்கு அனுப்பவும் சட்டத்தில் வழி இருக்கிறது. என்னிடமும் கேட்டார்கள். ஆனால் எதிர்தரப்பு வழக்கறிஞர் ஏற்கெனவே வராந்தாவில் என்னிடம், "ஏம்மா அலையுறீங்க, பாதித் தொகையை வாங்கிட்டு முடிச்சுக்கலாமே" என்று கேட்டிருந்தார். பாதித் தொகைக்கு வேறு மெஷின் கிடைக்காது என்பதால் மறுத்துவிட்டேன்.

இனி, எனக்குக் கசந்த பகுதி. எதிர்தரப்பினர் அறிவிப்பைப் பெற்றதிலிருந்து 3 மாதத்துக்குள், ஆய்வு தேவைப்பட்டால் 5 மாதத்துக்குள், வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். எனக்கு ஆணை கிடைத்தது 2024 ஏப்ரலில், அதாவது மனுப் போட்டு பதினான்கு மாதம் கழித்து. தகுந்த காரணத்தை எழுத்தில் பதியாமல் வாய்தா தரக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. எதிர்தரப்பு வழக்கறிஞருக்கு வேறு நீதிமன்றத்தில் வேலை என்பதற்காக மூன்று முறையும், உறுப்பினர் ஒருவர் விடுப்பில் இருந்ததால் இரண்டு முறையும் நான் வெறுங்கையோடு திரும்பினேன். காலை 10.30க்கு அமர்வு என்றால் பத்து மணிக்கே போய்விட வேண்டும், பெயர் கூப்பிட்டு நாம் இல்லையென்றால் மனு தள்ளுபடியாகலாம். அப்படித் தள்ளுபடியானால் அதே ஆணையத்தால் அதைத் திரும்ப எடுக்க முடியாது, மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போக வேண்டியிருக்கும். வழக்கறிஞர் வைத்தவருக்கு அவரோ அவரது இளையவரோ போய் நிற்பார். நமக்கு நாம் மட்டும்தான். காணொலி வழியாகக் கலந்துகொள்ள மனுச் செய்யலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் ஆணையத்தில் கேட்டபோது, கருவிகள் இன்னும் இயங்கவில்லை என்றார்கள். வெளியூரிலிருந்து வரும் எதிர்தரப்பைவிட, ஒரு நாள் கூலியை விட்டு வரும் புகார்தாரருக்கே அது அதிகம் தேவை.

கணக்கை ஒளிக்காமல் சொல்கிறேன். நகல், நோட்டரி, தபால், பேருந்து என்று கையிலிருந்து போனது 3,860 ரூபாய். ஆணையத்துக்குப் போன நாட்கள் பதினேழு. என் ஒரு நாள் வருமானத்தைச் சராசரி 600 ரூபாய் என்று வைத்தால் 10,200 ரூபாய். இரண்டையும் கூட்டினால், நான் மிச்சப்படுத்தியதாக நினைத்த வழக்கறிஞர் கட்டணத்தைவிட அதிகம். ஆகவே பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் யாரும் இந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கட்டணத்தை மொத்தமாகப் புரட்ட முடியாதவர்களுக்கு, அதைச் சிறுகச் சிறுக நாட்களாகக் கட்டும் வசதி இதில் இருக்கிறது என்று சொல்வதே உண்மைக்கு நெருக்கமானது. எனக்கு அது பொருந்தியது. தினக்கூலிக்குப் போகிறவருக்கு, விடுப்பு எடுத்தால் வேலை போகும் என்ற நிலையில் இருப்பவருக்குப் பொருந்தாது.

அப்படிப்பட்டவர்களுக்கு இன்னொரு வழி இருப்பதை நான் தாமதமாகவே அறிந்தேன். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நான் பதினேழு நாளும் கடந்து போன கட்டடத்தில்தான் அந்த அலுவலகம் இருந்தது. நுகர்வோர் ஆணையத்தில் ஒருவரும் அதை எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நானே நடத்தியிருக்கக்கூடும், ஆனால் தெரிந்து தேர்ந்தெடுத்திருப்பேன். நடமாட முடியாத முதியவர்களுக்காக, எழுத்தில் அதிகாரம் பெற்ற ஒரு பிரதிநிதி வரலாம் என்பதை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

எல்லா வழக்குக்கும் தனியே போகலாம் என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவச் சிகிச்சையில் நேர்ந்த கவனக்குறைவு, வீடு கட்டித் தருவதில் ஏமாற்றம், பெருந்தொகைக் காப்பீடு போன்றவற்றில் நிபுணர் கருத்தும் பல ஆவணங்களின் சட்டப் பொருளும் வேண்டியிருக்கும். அவற்றில் வழக்கறிஞர் இல்லாமல் இறங்குவது நமக்கு நாமே தீங்கு செய்துகொள்வதாகும். விலைச்சீட்டு, வாரண்டி அட்டை, எழுத்தில் வந்த மறுப்பு ஆகிய மூன்றும் கையில் இருக்க, கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்கும் வழக்குக்கு இது ஏற்ற வழி. இழப்பீட்டை வாய்க்கு வந்தபடி கேட்கவும் கூடாது. 5 லட்சம் கேள், 50 ஆயிரமாவது கொடுப்பார்கள் என்று எனக்கும் யோசனை சொன்னார்கள். நான் இழந்த ஆர்டர்களின் கணக்கை நோட்டுப் புத்தகத்தின் நகலோடு காட்டி 15,000 கேட்டேன், 10,000 கொடுத்தார்கள்.

ஆணையில், மெஷினின் விலை 36,500 ரூபாயை மனுப் போட்ட நாள் முதல் 9 சதவீத வட்டியோடும், மன உளைச்சலுக்கும் வருமான இழப்புக்கும் 10,000 ரூபாயும், வழக்குச் செலவுக்கு 5,000 ரூபாயும் கடையும் நிறுவனமும் கூட்டாகவும் தனித்தனியாகவும் தர வேண்டும் என்றும், தொகையைப் பெற்றதும் நான் மெஷினைத் திருப்பித் தர வேண்டும் என்றும் இருந்தது. தீர்ப்பு தமிழில் இருந்ததால் என் அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். ஆணை நகலுக்குக் கட்டணம் வாங்கவில்லை.

ஆணை வந்துவிட்டால் பணம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம் உண்டு, அதற்கும் எதிர்தரப்பு ஆணையிட்ட தொகையில் பாதியை முன்கூட்டியே கட்ட வேண்டும். அவர்கள் மேல்முறையீடும் செய்யவில்லை, பணமும் தரவில்லை. ஜூலையில் 71, 72ஆம் பிரிவுகளின் கீழ் நிறைவேற்று மனுப் போட்டேன். ஆணையை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையோ, 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 72ஆம் பிரிவு இடம் தருகிறது. முதல் வாய்தாவில் யாரும் வரவில்லை. இரண்டாவது வாய்தாவில் கடைக்காரரின் வழக்கறிஞர் அவகாசம் கேட்டார். செப்டம்பரில், மூன்றாவது வாய்தாவில், ஏறக்குறைய 56,700 ரூபாய்க்கு வரைவோலையைக் கொண்டுவந்து தலைவர் முன்னிலையில் கொடுத்தார்கள். வங்கியில் பணம் சேர்ந்தது உறுதியான பிறகு கடைக்காரர் ஆட்டோ அனுப்பினார். அதே மெக்கானிக்தான் மெஷினைக் கழற்றி ஏற்ற வந்தார். மெஷின் எண், மோட்டார் எண், கண்ட்ரோல் பாக்ஸ் எண் மூன்றையும் எழுதி, பெற்றுக்கொண்டேன் என்று அவரிடம் கையொப்பம் வாங்கி, அந்தத் தாளையும் வழக்குக் கட்டில் கடைசிப் பக்கமாகச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.